நாலு கட்டைக்காரரும் ஐந்தாவது கம்பியும்

கிடாரைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டு எடை பார்த்த வாடிக்கையாளரை டெல்லி தரியாகஞ்சின் அந்த வாத்தியக் கடைக்காரர் அதற்கு முன்னால் பார்த்திருக்க மாட்டார். நானும் பார்த்ததில்லை. பார்த்த அன்று அந்த ஆளோடு வந்திருப்பவள் நான் இல்லை என்பதுபோல் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன்.

ஊருக்கு விமானத்தில் போகும்போது பெட்டியை எடை போட நாங்கள் வைத்திருக்கும் கைத்தராசு அது. மேலே பிடி, கீழே கொக்கி, நடுவில் எண் காட்டும் சின்னத் திரை. என் கணவர் கோமதிநாயகம் அதைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து, கிடாரின் தோள்வாரை அதில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார்.

"நாலு கிலோ அறுநூறு. எழுதிக்கோட்டி."

கடைக்காரர் ஒரு சர்தார்ஜி. வெள்ளைத் தாடி, மெரூன் தலைப்பாகை, கையில் பாதி குடித்த டீ. பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், "சார், யே மச்லி நஹீன் ஹை" என்றார். மீன் இல்லை சார் இது.

"மச்லியாம்ல. பேசட்டும், பேசட்டும். நீ எழுது" என்றார் கோமதிநாயகம்.

நான் எழுதிவரும் இந்தத் தொடரில் இதுவரை அவர் ஓரமாக வந்து காபி கேட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். "என்னையப் பத்தி எப்ப எழுதப் போற?" என்று வாராவாரம் நச்சரித்ததும் அவர்தான். கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வது என்பது இதுதான்.

மூன்று மாதிரிகள்

அவர் முப்பது வருஷம் மத்திய அரசில் கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மேஜை நாற்காலியிலிருந்து தீயணைப்புக் குழாய் வரை எதை வாங்கினாலும் குறைந்தது மூன்று மாதிரி, ஒரு ஒப்பீட்டுப் பட்டியல், கடைசியில் குறிப்புரை. ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டில் வெண்டைக்காய்கூட மூன்று வண்டிக்காரர்களைப் பார்க்காமல் வராது. நாங்கள் கல்யாணத்துக்கு முன்னால் சந்தித்தபோதும் நான் மூன்றாவது வரன்தான். பட்டியல் போட்டாரா என்று கேட்டிருக்கிறேன், இதுவரை பதில் வரவில்லை.

எனக்கு ஐந்து கம்பி பேஸ் கிடார் ஒன்று வேண்டும் என்று நான் வாய் திறந்த மறுநாளே பட்டியல் தயாராகிவிட்டது. எடை, நீளம், கழுத்தின் அகலம், கம்பிக்குக் கம்பி இடைவெளி, உட்கார்ந்தால் தொடையில் எப்படி நிற்கிறது, நின்றால் தலை சாய்கிறதா, தோள் வலி. கடைசியில் ஒல்லியாக ஒரு கட்டம்: ஒலி.

கடைக்கு வருவதற்கு முன்பே அந்தக் கட்டத்தில் மூன்று மாதிரிக்கும் 'திருப்திகரம்' என்று எழுதிவிட்டார்.

"கேக்காமலே எப்பிடிங்க எழுதுனீங்க?"

"எல்லாம் டும் டும்னுதான கேக்கப் போவுது."

பதினைந்து வருஷமாக அவர் பக்கத்திலேயே நின்று பேஸ் வாசிக்கிறவளிடம் சொன்ன வார்த்தை அது. நான் எதிர்த்துப் பேசவில்லை. பேச முடியாத ஒரு காரணம் என்னிடம் இருந்தது. அதற்கு வருகிறேன்.

எட்டாவது மாடியில் எருமை

நான் பேஸ் வாசிக்க வந்ததே ஒரு மாற்றல் உத்தரவால்தான். எங்கள் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்த விமானப்படைக்காரர் அசாமுக்குப் போகும்போது கிடாரை ஒத்திகை நடக்கும் லக்ஷ்மிபாய் நகர் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். குழுவில் பாடகர் என் கணவர். நான் டீ போடவும் நாற்காலி எண்ணவும் போகிறவள். காலால் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, கீபோர்டு வாசிக்கும் ஜார்ஜ்தான், "அக்கா, சும்ம இருக்கதுக்கு இதப் பிடியுங்க" என்றான். ஜார்ஜ் நாகர்கோவில்காரன், பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் பொறியாளன், என்னைவிட ஐந்து வயது இளையவன்.

பிடித்தேன். விடவில்லை.

பகலெல்லாம் நான் வேலை பார்க்கும் அமைச்சகத்தில் 'பரிசீலனைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று எழுதி எழுதி, நான் சொன்னதால் எதுவும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. இங்கே ஒரு விரலை அழுத்தினால் ஏழு பேர் அதன்மேல் நிற்கிறார்கள். பேஸ் வாசிப்பு ரசத்தில் பெருங்காயம் மாதிரி. இருக்கும்போது யாரும் கேட்க மாட்டார்கள், இல்லாவிட்டால் என்னமோ குறைகிறது என்பார்கள்.

புதுக் கிடார் வாங்கப் போவதைச் சந்தோஷத்தில் பக்கத்து வீட்டு மல்ஹோத்ரா ஆன்ட்டியிடம் லிஃப்டில் வைத்துச் சொன்னேன். மதுரையிலிருந்து வந்து இருபத்தெட்டு வருஷமாகியும் என் இந்தி இன்னும் வைகைக் கரையிலேயே நிற்கிறது. "நயா பேஸ் லேனா ஹை. புரானா பஹுத் பாரீ ஹோ கயா" என்றேன். புது பேஸ் வாங்க வேண்டும், பழசு ரொம்ப கனமாகிவிட்டது.

ஆன்ட்டியின் முகம் மாறியது. இந்தியில் எருமைக்கு 'பைன்ஸ்' என்று பெயர். என் மதுரை வாயில் பேஸ் அப்படித்தான் விழுந்திருக்கிறது. எருமை பெண்பால், நான் சொன்னதெல்லாம் ஆண்பால். அதனாலாவது அவருக்குச் சந்தேகம் வந்திருக்கலாம். ஆனால் மதராசிகள் இந்தியில் ஆண் பெண் பார்ப்பதில்லை என்பது டெல்லிக்கே தெரியும்.

"புரானா கஹான் ரக்தே ஹோ?" என்று கேட்டார். பழசை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

"பெட் கே நீச்சே" என்றேன். கட்டிலுக்கு அடியில்.

மறுநாள் காலை கட்டடப் பராமரிப்பு ஆள் கதவைத் தட்டி, தலையை உள்ளே நீட்டி முகர்ந்து பார்த்து, "மேடம், ஜான்வர் அலவுட் நஹீன் ஹை" என்றார். மிருகங்களுக்கு அனுமதி இல்லை. கிட்வாய் நகர் புது அடுக்குமாடியில் நாய்க்கே ஆயிரம் விதி. கட்டிலுக்கு அடியிலிருந்து கிடாரை இழுத்துக் காட்டினேன். போகும்போது அவர் முகத்தில் லேசான ஏமாற்றம் இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பேஸுக்கு எருமை என்று பெயர்.

ஒரு பொத்தானின் பாவம்

இப்போது அந்தக் காரணத்துக்கு வருகிறேன்.

புதுக் கிடார் எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். தோள் வலி என்றேன். பொய்யில்லை. பழைய எருமையை ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டு நின்றால் அடுத்த இரண்டு நாள் இடது கையால் குக்கர் மூடியைத் திறக்க முடியாது. ஆனால் தோள் வலிக்கு லேசான நாலு கம்பி போதும். ஐந்தாவது கம்பி எதற்கு என்று குடைந்து கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். நல்லவேளை, பட்டியலில் 'ஏன்' என்று ஒரு கட்டம் இல்லை.

கோமதிநாயகம் நாலு கட்டைக்காரர். நாலு கட்டை சுருதியில் பாடுகிறவர் என்று அர்த்தம். அவர் அதைச் சொல்லும் தோரணையைக் கேட்டால் நாலு மாநிலம் அவர் பேரில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். "அறுவது தாண்டியாச்சு, இன்னும் நாலு கட்டைல நிக்குதேன்" என்று பால் பூத்தில்கூடச் சொல்வார். பால் பூத்துக்காரர் அலிகார்க்காரர். அவருக்கு என்ன புரிந்ததோ, ஒவ்வொரு முறையும் "பஹுத் படியா" என்பார். ரொம்பப் பிரமாதம்.

உண்மை என்னவென்றால், ஓய்வு பெற்ற அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு நெஞ்சுச் சளி வந்து ஒரு மாதம் படுத்தியது. எழுந்து வந்தபோது குரல் இறங்கிவிட்டது. மேலே போகும் இடத்தில் கழுத்து நரம்பு புடைக்கும், கண் கலங்கும். கேட்கிறவர்களுக்கு நெஞ்சு பதறும்.

அதற்கு ரொம்ப நாள் முன்பே எல்லோர் எதிரிலும் ஒரு சபதம் செய்திருந்தார். "கட்டை எறங்குன அன்னைக்கு மைக்க வச்சிருவேன். கெஞ்சிக்கிட்டு நிக்க மாட்டேன்."

அலுவலகம் போய்விட்டது. பிள்ளை பெங்களூரில். சனிக்கிழமை ஒத்திகைக்காக அவர் வியாழக்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டு வைக்கிறார். அந்த மைக்கையும் வைத்துவிட்டால் இந்த மனிதர் வாரத்தில் ஏழு நாளும் என்ன செய்வார் என்று நினைக்கவே எனக்கு பயமாக இருந்தது.

ஒத்திகை முடிந்து ஸ்பீக்கர் வயரைச் சுற்றிக்கொண்டே ஜார்ஜ்தான் பேச்சை எடுத்தான். "அக்கா, அண்ணனுக்க தொண்டை பாடுபடுது. கீபோர்டுல ஒரு பொத்தான் இருக்கு கேட்டேளா. விரல் அதே இடத்துல போவும், சத்தம் மட்டும் கீழ எறங்கும். அண்ணனுக்குத் தெரியாது."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா நாம ரெண்டு பேரும் நாகர்கோவிலுக்கு ஓடிருவோம்."

அப்படி ஆரம்பித்த பாவம். நாலு கட்டையை மூன்றாக்கினோம். அவர் கவனிக்கவில்லை. "இன்னைக்குத் தொண்ட நல்லா இருக்கு, பாத்தியா?" என்றார். பிறகு இரண்டரை. பிறகு இரண்டு. ஒவ்வொரு முறையும் அவர், "நாலுதானடே?" என்பார். ஜார்ஜ் கண்ணை மூடிக்கொண்டு "நாலுதான் அண்ணே" என்பான். மற்ற வாத்தியக்காரர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

இதில் அடிபட்டது நான். நாலு கம்பி பேஸில் ஆகக் கீழே இருக்கும் சுரம் மூன்று கட்டை. அதற்குக் கீழே இறங்கினால் எனக்கு இடமில்லை. ஆதார சுருதியை மேலே தூக்கி வாசிக்க வேண்டும். அப்படி வாசித்தால் அவர் குரலுக்கு அடியில் ஒன்றுமே இல்லாமல் போய்விடுகிறது. வயசான குரலின் கரகரப்பெல்லாம் தனியாக வெளியே தெரிகிறது. போன ஆண்டு விழாவில் முன்வரிசையில் இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் மேடையிலிருந்து பார்த்தேன். அன்று முடிவு செய்தேன், இன்னும் கீழே இறங்கும் ஒரு கம்பி கூடுதலாக உள்ள ஐந்து கம்பி வாங்குவதென்று.

பச்சை எழுத்து

கடையில் முதல் மாதிரி கொக்கியிலேயே தோற்றது. அதுதான் அந்த நாலு கிலோ அறுநூறு. இரண்டாவது மூன்றரை கிலோ. சின்ன உடம்பு, குட்டைக் கழுத்து, என் கைக்கு அளவெடுத்தது மாதிரி. மாட்டிக்கொண்டால் மாட்டியதே தெரியவில்லை. மூன்றாவது முதலாவதைவிட ஒரு கரண்டி கூட. நாலு எழுநூறு. நீளக் கழுத்து.

"ரெண்டாவதுதான். முடிஞ்சு போச்சு" என்று பட்டியலை மடித்தார் கோமதிநாயகம். "எல்லாக் கட்டத்துலயும் அதான் ஜெயிக்கி."

நான் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டாவதின் ஐந்தாவது கம்பியைத் தட்டினேன். தொளதொளவென்று ஆடியது. சத்தம் வந்தது, சுரம் வரவில்லை. குட்டைக் கழுத்தில் தடித்த கம்பிக்கு இழுப்புப் போதாது.

மூன்றாவதை மடியில் வைத்தேன். கனம்தான். ஆனால் தொடையில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தது, தலை சாயவில்லை. ஐந்தாவது கம்பியைத் தட்டினேன். ஸ்டூல் வழியாக இடுப்பு வரைக்கும் வந்தது. தெளிவாக, அலையாமல், நின்று.

"இதுதாங்க."

"பைத்தியமா ஒனக்கு? தோள் வலிக்குன்னு அழுதது யாரு? இத மாட்டுனா நாளைக்கு கையே தூக்க முடியாது."

"உக்காந்து வாசிச்சுக்கிறேன்."

"பேஸ் வாசிக்கவன் எவனாவது உக்காந்து வாசிச்சுப் பாத்திருக்கியா? நீதான சொல்லுவ, நின்னாதான் பாக்க நல்லாருக்கும்னு." என் அழகுணர்ச்சியை என் மீதே திருப்பிவிட்டார். அவர் அக்கறை நிஜமானது. ராத்திரி தைலம் தேய்த்துவிடுகிறவர் அவர்தான். காரணத்தைச் சொல்லாமல் அவரை என்னால் வெல்ல முடியாது, காரணத்தைச் சொன்னால் எல்லாம் போய்விடும்.

சர்தார்ஜிக்குத் தமிழ் தெரியாது. சண்டை மட்டும் புரிந்தது. சமாதானம் செய்யும் நல்ல எண்ணத்தில், "சார் காதே ஹைன் நா? காகே தேக்கியே, மேடம் பஜாயேங்கீ" என்றார். சார் பாடட்டும், மேடம் வாசிக்கட்டும்.

பாடச் சொன்னால் கோமதிநாயகம் மாட்டேன் என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பல்லவியை எடுத்தார். கடையில் கீபோர்டு இல்லை, ஜார்ஜ் இல்லை, பொத்தான் இல்லை. இரண்டு வருஷமாக எந்த இடத்தில் பாடிப் பழகினாரோ, குரல் தானாக அங்கே போய் உட்கார்ந்தது. என் விரலும் தானாக ஐந்தாவது கம்பியில், கழுத்தின் மூன்றாவது மெட்டுக்குப் போயிற்று.

முதல் முறையாக அவர் குரலுக்கு அடியில் தரை இருந்தது. கரகரப்பு அதன்மேல் அழகாகப் படுத்துக்கொண்டது. ஒரு வரி முடிவதற்குள் சர்தார்ஜி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் சந்தோஷத்தில் இருந்ததால் சுருதி காட்டும் கருவியை மறந்துவிட்டேன்.

கிடாரின் தலையில் அதைக் கவ்வி வைத்திருந்தார்கள். வாசிக்கும் சுரத்தின் ஆங்கில எழுத்தை பச்சை வெளிச்சத்தில் காட்டும். அதில் 'டி' என்று எரிந்துகொண்டிருந்தது. பட்டியல் போட்டுப் பழகிய கண் அதைத் தவறவிடுமா?

பாட்டு நின்றது.

"டின்னா ரெண்டு கட்டைல்லா?"

நான் கம்பியிலிருந்து விரலை எடுத்தேன்.

"கருவி கெட்டுப் போச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரே வாசலைத் திறந்து வைத்துக் கேட்டார். இரண்டு வருஷம் கூசாமல் பொய் சொன்ன வாய்க்கு அந்த ஒரு சின்னப் பொய் அன்று வரவில்லை.

"கருவி சரியாத்தாங்க இருக்கு."

"எத்தன நாளா நடக்கு?"

"ரெண்டு வருஷமா."

"ஜார்ஜுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்ங்க."

அவர் பட்டியலை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். நடைபாதையில், பழைய புத்தகங்களைப் பரப்பி வைத்திருப்பவரின் பக்கத்தில், போகிற பஸ்களைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். மடியில் கனம் இருந்ததால் என்னால் உடனே எழுந்து ஓடவும் முடியவில்லை. எந்தக் கிடார் வாங்கினால் என்ன, இனி அதன்மேல் நிற்க ஆள் இருக்காது என்று தோன்றியது.

பத்து நிமிஷம் கழித்து உள்ளே வந்தார். என்னைப் பார்க்காமல் சர்தார்ஜியைப் பார்த்துச் சொன்னார்: "யே தீஸ்ரா வாலா. பேக் கர் தோ." மூன்றாவதைக் கட்டிக் கொடுங்கள்.

டெல்லி கேட்டிலிருந்து மெட்ரோவில் வீடு வரைக்கும் கிடாரை அவரே முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் சண்டை போட்டால் பரவாயில்லை, பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பிரச்சினை.

காலி ஸ்டாண்டு

அடுத்த சனிக்கிழமை அவர் ஒத்திகைக்கு வரவில்லை. வியாழக்கிழமை சட்டைக்கு இஸ்திரியும் போடவில்லை. ஜார்ஜ் காலி மைக் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டே வாசித்தான். "அக்கா, நான் வந்து கால்ல விழட்டா?" என்று கேட்டான். அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. பால் பூத்துக்காரர் என்னிடம், சாருக்கு உடம்பு சரியில்லையா, பேசவே மாட்டேன் என்கிறாரே என்று கேட்டார். அன்று பால் பாக்கெட்டோடு படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். ஏமாற்றியது அன்பினால்தான், சந்தேகமில்லை. ஆனால் இத்தனை பேருக்குத் தெரிந்த ஒன்றை அவரிடம் மட்டும் மறைத்தது, அவர் குரல் இறங்கியதைவிடப் பெரிய அவமானம் என்று எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

ராத்திரி தைலம் மட்டும் நிற்கவில்லை. பேசாமல் தேய்த்துவிட்டுப் போவார்.

பொங்கல் விழா புசா ரோடு பக்கம் ஒரு பள்ளி அரங்கில். மூடுபனி அன்று பதினோரு மணி வரை விலகவில்லை. நான் புது எருமையோடு ஆட்டோவில் முன்னால் போய்விட்டேன். மேடையில் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டேன். அவர் பாட்டை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அறிவிப்பாளர் என்னைப் பார்த்தார், நான் ஜார்ஜைப் பார்த்தேன்.

அப்போது பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு அவர் வந்தார். மப்ளர், கம்பளிச் சட்டை, கீழே சலவை வேட்டி. நேராக மேடை ஏறினார். மைக்குக்கு முன்னால் நின்று மப்ளரை நிதானமாக அவிழ்த்து என் நாற்காலி முதுகில் போட்டார். கூட்டம் கை தட்டியது.

ஜார்ஜின் விரல் பழக்க தோஷத்தில் பொத்தானுக்குப் போய், பாதி வழியில் பயந்து நின்றது.

கோமதிநாயகம் திரும்பி அவனைப் பார்த்தார்.

"ஜார்ஜு, நாலும் வேண்டாம், ரெண்டும் வேண்டாம். ஒண்ணரைல வை. கீழ இவ இருக்கா."

அரங்கம் முழுக்கக் கேட்டது. மைக் ஆன் ஆகியிருந்தது தனக்குத் தெரியாது என்று இன்றுவரை சாதிக்கிறார். முப்பது வருஷமாக மைக்கைத் தட்டிப் பார்க்காமல் ஒருநாளும் வாயைத் திறந்தவர் இல்லை அவர்.